மண் டிராக், சிந்தெடிக், தார் ரோடு: நெல்லைப் பக்கம் ஓடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டை, வள்ளியூர், அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் பக்கத்து மைதானங்களில் காலையில் ஓட வருகிற பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவரும் பெற்றோர், பி.டி. ஆசிரியர்கள், நடைப்பயிற்சிக்காரர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறித்திருக்கிறோம்.

1. மண்ணுல ஓடுனா என்ன, தார் ரோட்டுல ஓடுனா என்ன? காலுக்கு என்ன வித்தியாசம் தெரியப் போவுது?

ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 60 கிலோ ஆளுக்கு 120 முதல் 180 கிலோ. தரை கொஞ்சம் வாங்கும், ஷூ கொஞ்சம் வாங்கும், மீதி முழுவதும் தசைக்கும் தசைநாருக்கும் எலும்புக்கும்தான். தார் ரோடும் சிமென்ட் ரோடும் ஏறக்குறைய எதையும் வாங்காது. சிமென்ட்டைவிடத் தார் மெது என்று பலர் நம்புகிறார்கள். கால் உணரும் அளவுக்கு அங்கே வித்தியாசம் இல்லை.

செயற்கை ரப்பர் பரப்பு போட்ட சிந்தெடிக் டிராக்குக்கு அளவு இருக்கிறது. உலகத் தடகள அமைப்பின் விதிப்படி, சிமென்ட் தரையோடு ஒப்பிட்டால் அது அதிர்வை 35 முதல் 50 சதவீதம் குறைக்க வேண்டும், அழுந்துவது 0.6 முதல் 2.5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மண்ணுக்கு அப்படி ஒரே எண் கிடையாது. ஐப்பசி மழைக்குப் பிறகு பதமாக இருக்கும் அதே செம்மண், சித்திரை வெயிலில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். ஆகவே "மண்தான் நல்லது" என்று மொத்தமாகச் சொல்வது சரியில்லை. எந்த மாதம், தண்ணீர் தெளித்த மண்ணா என்று கேட்க வேண்டும்.

2. அப்பம் சிந்தெடிக்ல ஓடுனா அடியே படாதா?

படும். உடம்பு தரைக்கு ஏற்ப தன்னை மாற்றிக்கொள்கிறது. கெட்டித் தரையில் முழங்காலையும் கணுக்காலையும் கொஞ்சம் கூடுதலாக மடக்கி இறங்குகிறோம். மெதுத் தரையில் காலை விறைப்பாக வைத்து இறங்குகிறோம். நினைத்துச் செய்வதில்லை, சில அடிகளுக்குள் தானாக நடந்துவிடும். அதனால் தரை மெதுவானால் காலுக்கு இறங்கும் விசை அதே அளவு குறைவதில்லை. வேலை ஒரு தசையிலிருந்து இன்னொரு தசைக்கு மாறுகிறது.

தளம் பொருட்டே இல்லை என்றும் ஆகாது. 1977-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தாமஸ் மெக்மஹன், பீட்டர் கிரீன் இருவரும் கணக்கிட்டு அமைத்த உள்ளரங்க டிராக்கில் ஓட்ட நேரம் இரண்டு மூன்று சதவீதம் குறைந்தது, காயங்களும் குறைந்தன. ஆனால் நம்மூர் மைதானங்களில் வரும் காயங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தளம் கெட்டியா மெதுவா என்பதல்ல. திடீரென்று தளத்தை மாற்றுவது, திடீரென்று தூரத்தைக் கூட்டுவது, குண்டும் குழியுமான தரை ஆகிய மூன்றும்தான். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த மூன்றையே சுற்றிவரும்.

3. எங்க பயலுவ வருசம் பூரா மண்ணுலதான் ஓடுதானுவ. மாவட்டப் போட்டிக்கு சிந்தெடிக்ல இறங்குனா மறுநாள் கெண்டைக்கால் பிடிச்சுக்கிடுது. ஏன் சார்?

மண்ணில் ஒவ்வொரு அடியிலும் கால் கொஞ்சம் வழுக்கித்தான் நிற்கும். நிற்கும் அதிர்ச்சியை அந்தச் சிறு வழுக்கல் வாங்கிக்கொள்கிறது. சிந்தெடிக் பரப்பில், அதுவும் ஸ்பைக் (அடியில் ஆணி வைத்த ஷூ) மாட்டினால், கால் வைத்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். ஸ்பைக் ஷூவில் குதிகால் உயரமும் இல்லை. பிள்ளை முன்பாதத்தில் ஓடுகிறான். கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாரும் பழக்கமில்லாத அளவுக்கு இழுபடுகின்றன. போட்டி வேகம் வேறு. பெரும்பாலும் அன்று ஒன்றும் தெரியாது, மறுநாள் காலையில் படி இறங்கும்போது தெரியும்.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் வாரம் இரண்டு முறை சிந்தெடிக் டிராக்குக்குக் கூட்டிப்போங்கள், இடையில் இரண்டு நாள் விடுங்கள். முதல் முறை சாதாரண ஷூவோடு 10 நிமிட மெது ஓட்டம், பிறகு 60 மீட்டர் நான்கு தடவை, முக்கால் வேகம். அவ்வளவு போதும். இரண்டாம் முறை கடைசி நான்கு ஓட்டங்களுக்கு மட்டும் ஸ்பைக். அடுத்த வாரம் ஸ்பைக்கோடு 150 மீட்டர் மூன்று தடவை. மற்ற பயிற்சி எல்லாம் வழக்கமான மண்ணிலேயே நடக்கட்டும்.

டிராக் கிடைக்காத ஊர் என்றால் வாரம் மூன்று நாள் படி விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கி ஏற்றச் சொல்லுங்கள். முழங்கால் நேராக 15, மடக்கி 15. இப்படி மூன்று சுற்று. போட்டிக்கு முந்தின நாள் அங்கே போனால் நான்கைந்து குறு ஓட்டத்தோடு நிறுத்த வேண்டும். புது டிராக்கைப் பார்த்த சந்தோஷத்தில் பிள்ளைகள் அன்றைக்கே முழு வேகத்தில் ஓடி முடித்துவிடுகிறார்கள்.

4. ஸ்பைக் ஆணி எத்தன மில்லி வாங்கணும்?

சிந்தெடிக் டிராக்கில் 9 மி.மீ. உச்ச வரம்பு, உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் மட்டும் 12 மி.மீ. வரை அனுமதி. ஒரு ஷூவில் 11 ஆணிக்கு மேல் கூடாது. பிள்ளைகளுக்கு 6 அல்லது 7 மி.மீ. போதும். நீள ஆணி வேகத்தைக் கூட்டாது. டிராக்கைக் குத்திக் கிழிப்பதோடு காலை இன்னும் இறுக்கமாகப் பிடித்து வைக்கும்.

மண் டிராக்குக்கு 12 மி.மீ. தேவைப்படலாம், அதுவும் மேல்மண் பதமாக இருக்கும்போதுதான். இறுகிக் காய்ந்த மண்ணில் ஆணி இறங்காது. ஆணியின் மேல் நிற்பது போலாகி முன்பாத எலும்பு வலிக்கும். அப்படிப்பட்ட நாளில் ஸ்பைக்கைக் கழற்றிவிடுங்கள்.

5. போலீஸ் செலக்சனுக்கு 1500 மீட்டர் பழகுதேன் அண்ணாச்சி. ஊருல கிரவுண்டு கிடையாது, ரோடுதான். முன்னங்கால் எலும்பு பூரா வலிக்கி.

இந்த வலியோடு வருகிறவர்கள்தான் அதிகம். அறிவிப்பு வந்ததும் ஒன்றுமே ஓடாத கால் தினமும் 5 கிலோமீட்டர் தார் ரோட்டில் ஓடத் தொடங்கும். மூன்றாம் வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்க ஓரத்தில் வலி வரும். மூச்சும் இதயமும் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும், எலும்பு பழக மாதக் கணக்காகும். மூச்சு தாங்குகிறதே என்று தூரத்தைக் கூட்டுவதில்தான் எலும்பு மாட்டிக்கொள்கிறது.

ஓடும் தூரத்தைப் பாதியாக்குங்கள். தினமும் வேண்டாம், ஒன்றுவிட்டு ஒருநாள். ரோட்டை விட்டுக் கால்வாய்க் கரைக்கு மாறுங்கள். நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய்க் கரைகளில் வண்டித் தடமாக இறுகிய மண் பாதை பல இடத்தில் கிடைக்கும். வெளிச்சம் வந்த பிறகு போங்கள், பாம்பு நடமாட்டம் உண்டு. ரோட்டில் ஓடியே ஆக வேண்டும் என்றால் ஓரச் சரிவில் ஓடாதீர்கள். சரிவில் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும். எட்டு வைப்பதைச் சிறிதாக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் ஒவ்வொரு அடியின் பளுவும் குறையும். 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடிய ஷூவை மாற்றிவிடுங்கள்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர் 7 நிமிடம். அதாவது 400 மீட்டர் ஒரு சுற்று 1 நிமிடம் 52 விநாடி. அதற்கு வாரம் மூன்று நாள் ஒழுங்கான ஓட்டம் போதும், தினமும் காலைப் போட்டு அடிக்க வேண்டியதில்லை. வலி விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் இருந்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு 15-ஆம் கேள்வியைப் படியுங்கள்.

6. கூட்டமா இருக்குன்னு எட்டாவது லேன்ல நாலு ரவுண்டு ஓடுதேன். 1600 ஆயிரும்லா?

ஆகாது, கூடிவிடும். லேன் அகலம் 1.22 மீட்டர், ஒவ்வொரு லேன் வெளியே போகப்போக சுற்றுக்கு 7.67 மீட்டர் கூடும். இரண்டாம் லேன் 407, நான்காம் லேன் 422, எட்டாம் லேன் 453 மீட்டர். எட்டாம் லேனில் நான்கு சுற்று என்றால் 1812 மீட்டர் ஓடியிருக்கிறீர்கள். நேரம் வரவில்லையே என்று மனம் விட்ட பிள்ளைகளில் சிலருக்கு இந்தக் கணக்கைச் சொன்னாலே தெம்பு வந்துவிடும்.

7. வெறுங்காலோட ஓடுனா கால் உறுதியாவும்னு சொல்லுதாவளே, உண்மையா?

சின்ன வயதிலிருந்தே வெறுங்காலில் நடந்து வளர்ந்த பிள்ளைக்குப் பாதத் தசை பலமாகவே இருக்கும். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஜெயித்தார். 1964 டோக்கியோவில் ஷூ போட்டு ஜெயித்தார். இரண்டும் முடியும். ஷூவிலேயே வளர்ந்த கால் ஒரே வாரத்தில் வெறுங்காலுக்கு மாறுவதுதான் கூடாது. குதிகால் தசைநாரும் முன்பாத எலும்பும் தாங்காது. மாற விரும்பினால் அருகம்புல் தரையில் வாரம் இரண்டு நாள், ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

நம் பக்கத்தில் பெரிய சிக்கல் முள். சீமைக்கருவேல முள் ஷூ அடியையே துளைத்துவிடும், பாதத்துக்குள் ஒடிந்தால் மாதக் கணக்கில் சீழ் வைக்கும். மைதான ஓரத்தில் அந்தச் செடியை வெட்டினால் அங்கேயே போட்டு வைக்காமல் அன்றைக்கே அள்ளிவிடுங்கள். திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடத்தையொட்டிய மைதானத்தில் வெறுங்கால் வேண்டவே வேண்டாம். கொக்கிப்புழு பாதத் தோல் வழியாகத்தான் உள்ளே போகிறது. டெட்டனஸுக்கான டி.டி. ஊசி பத்து ஆண்டுக்கு ஒருமுறை போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

8. திசையன்விளை பக்கம் தேரி மணல்ல ஓட விடுதோம், உவரி கடற்கரையிலயும் விடுதோம். நல்லதுதானே?

தேரி என்னும் செம்மணல் மேடானாலும் கடற்கரையானாலும் பலத்துக்கு நல்லது, அளவோடு. காய்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைப்போல ஏறக்குறைய 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும். நடக்கவே இரண்டு மடங்குக்கு மேல். அடிக்கும் அதிர்வு குறைவு. ஆனால் குதிகால் புதைவதால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் அதிகம் இழுபடும். வாரம் ஒருநாள், 15 முதல் 20 நிமிடம், குறு ஓட்டங்கள். அதற்கு மறுநாள் வேக ஓட்டம் வைக்காதீர்கள். குதிகாலுக்கு மேலே வலி இருக்கிற பிள்ளையைத் தேரிக்குள் இறக்கவே கூடாது.

கடற்கரையில் அலை நனைத்த ஈர மணல் கெட்டியாக, ஓடத் தோதாக இருக்கும். அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும். போன தூரம் அவ்வளவையும் திரும்பி ஓடி வந்தால்தான் இரண்டு காலுக்கும் பளு சமமாகும். ஒரு வழி ஓடிவிட்டு வண்டியில் திரும்புவது இடுப்புக்கும் முழங்காலுக்கும் கேடு.

9. எங்களுக்குக் கரிசல் காடு. கிரவுண்டு பூரா வெடிப்பு. என்ன செய்ய?

கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பாதம் சரியாக மாட்டும் அகலத்துக்கு வெடிப்பு விழுந்த தரையில் வேக ஓட்டம் விட்டால் கணுக்கால் போவது உறுதி. வெடிப்புக்குள் மணலைக் கொட்டுவது பலரும் செய்வது. அடுத்த மழையில் மண் உப்ப இடமில்லாமல் மேடு தட்டும், பிறகு தரை முழுவதும் அலை அலையாகிவிடும்.

நிலையான தீர்வு டிராக் வரும் பட்டையில் மட்டும் கரிசலை இரண்டு மூன்று அடி வெட்டி எடுத்து, சரள் மண் நிரப்பி அடுக்கடுக்காக உருட்டுவது. பணம் இல்லையென்றால் 100 மீட்டர் நேர்ப் பட்டை, மூன்று லேன் அகலம் மட்டுமாவது அப்படிச் செய்யுங்கள். வேக ஓட்டம் எல்லாம் அந்தப் பட்டையில், மெது ஓட்டம் வெளியே.

10. மழை விட்டு எத்தன நாள்ல கிரவுண்டுல இறங்கலாம்?

நாள் கணக்கு வேண்டாம், ஷூ சொல்லும். பத்தடி நடந்து பாருங்கள். அடியில் மண் ஒட்டினால் இறங்காதீர்கள். ஈரத்தில் பதிந்த ஒவ்வொரு காலடியும் காய்ந்ததும் குழியாக இறுகி நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் அவசரப்பட்டு ஓடியதன் பலன்தான் தை மாதத்துச் சுளுக்குகள். மாடும் பைக்கும் அந்த நாட்களில் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம்.

மண் ஒட்டாத பதம் வந்ததும், முற்றிலும் காய்வதற்கு முன், வயலில் பரம்படிப்பது போல ஒரு கனமான பலகையைக் கயிறு கட்டி இழுத்து மேடு பள்ளத்தைச் சமப்படுத்தி, உருளை விடுங்கள். இந்தப் பதம் ஒன்றிரண்டு நாள்தான் இருக்கும். அதைத் தவறவிட்டால் மறுபடி தண்ணீர் விட்டு நனைத்துத்தான் செய்ய வேண்டும். சிந்தெடிக் டிராக்கில் காத்திருப்பு இல்லை. நல்ல டிராக்கில் முழுக்க நனைந்த 20 நிமிடத்துக்குப் பிறகு 2 மி.மீ.க்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது.

11. எங்கள் பள்ளியில் 400 மீட்டர் மண் டிராக் புதிதாகப் போடப் போகிறோம். எந்த மண், எவ்வளவு, எப்படி?

அளவிலிருந்து தொடங்குங்கள். நேர்ப்பகுதி 84.39 மீட்டர். அந்தத் தூரத்தில் இரண்டு முளை அடித்து, அவற்றை மையமாக வைத்து வளைவு வரைய வேண்டும். உள் ஓரத்தில் உயர்ந்த விளிம்புக் கட்டை வைத்தால் ஆரம் 36.50 மீட்டர், வெறும் கோடு என்றால் 36.60 மீட்டர். கட்டை இருந்தால் ஓடும் தூரத்தை அதிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளப்பார்கள், கோடு என்றால் 20 செ.மீ. தள்ளி, அதனால்தான் இந்த வித்தியாசம். நைலான் கயிறு இழுத்தால் நீளும். கம்பி அல்லது இரும்பு டேப் வைத்து அளங்கள்.

ஆறு லேன் என்றால் அகலம் 7.32 மீட்டர், பரப்பு சுமார் 3,080 சதுர மீட்டர். புல் வேரோடு மேல்மண்ணை அரை அடி வெட்டி எடுத்து, அடித்தரையை உருட்டுங்கள். அதன்மேல் 10 முதல் 15 செ.மீ. 40 மி.மீ. ஜல்லி, அதன்மேல் 5 முதல் 7 செ.மீ. கிராவலும் கிரஷர் தூளும். கடைசியாக 5 செ.மீ. மேல்மண். ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக உருட்ட வேண்டும். உள்பக்கமாக மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு, அதாவது ஆறு லேனுக்கு 7 செ.மீ.; அந்த ஓரத்தில் தண்ணீர் வெளியேற வாய்க்கால். ஓடும் திசையில் சரிவு 1,000 மீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் கூடாது. பணம் குறையும்போது எல்லோரும் வாய்க்காலைத்தான் விட்டுவிடுகிறார்கள், முதல் மழைக்காலத்திலேயே முதல் லேன் குளமாகிவிடுகிறது.

மேல்மண் 5 செ.மீ. என்றால் இறுகிய கணக்கில் 154 கன மீட்டர், ஏறக்குறைய 54 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). லாரியில் வருவது உதிரி மண். அதனால் 65 முதல் 68 யூனிட் சொல்லுங்கள். மண்ணை இறக்கும் முன் சோதியுங்கள். ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு சலித்த மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை துணி சோப்புத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் படிவது மணல், சில மணி நேரத்தில் படிவது வண்டல், மறுநாள் வரை கலங்கலாக நின்று படிவது களி. மொத்தத்தில் மணல் 60 முதல் 70 சதவீதம் இருந்தால் நல்ல மேல்மண். களி கூடினால் வெடிக்கும், ஈரத்தில் ஒட்டும். மணல் கூடினால் ஒரே மாதத்தில் வளைவில் பள்ளம் விழும். வள்ளியூர், நாங்குநேரிப் பக்கத்துச் செம்மண்ணையும் அப்படியே நம்பிக் கொட்டாமல் இந்தச் சோதனை செய்துவிட்டுக் கலவையை முடிவு செய்யுங்கள்.

மேல்மண்ணை 6 மி.மீ. வலையில் சலியுங்கள். ஒரே அடுக்காகக் கொட்டாமல் இரண்டாகப் பிரித்துப் பரப்புங்கள். ஈரப்பதம் பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது, இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடைய வேண்டும். அந்தப் பதத்தில் ஒன்றிரண்டு டன் உருளை. பிறகு வெயில் காலம் முழுவதும் மாலையில் தண்ணீர் தெளித்து, காலையில் ஓடவிடுங்கள். கோடு போட சாக் பவுடர் வாங்குங்கள். சுட்ட சுண்ணாம்புத்தூள் விழுந்த பிள்ளையின் தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும்.

12. எங்க கிரவுண்டு சின்னது, 200 மீட்டர்தான். பிள்ளைகளுக்கு எடது முட்டு வலிக்கின்னு சொல்லுதாங்க.

50 மீட்டர் நேர்ப்பகுதி வைத்த 200 மீட்டர் டிராக்கின் வளைவு ஆரம் 16 மீட்டர்தான். 40 விநாடியில் ஒரு சுற்று ஓடும் பிள்ளை அந்த வளைவில் 9 டிகிரி உள்பக்கம் சாய்ந்து ஓடுகிறான். 400 மீட்டர் டிராக்கில் அதே வேகத்துக்கு 4 டிகிரி போதும். எப்போதும் இடப்பக்கமே திரும்புவதால் இடக்காலுக்கு ஒருவித முறுக்கு, வலக்காலுக்கு வேறுவித முறுக்கு.

மெது ஓட்டத்தையும் உடல் சூடேற்றலையும் ஒருநாள் இப்படி, ஒருநாள் எதிர்ச்சுற்றாக வையுங்கள். எல்லோரும் ஒரே திசையில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் மோதல்தான். வேக ஓட்டத்தை நேர்ப்பகுதியில் மட்டும் விடுங்கள், மைதானத்தின் மூலைவிட்டத்தில் விட்டாலும் நல்லது. வளைவில் ஓடியே ஆக வேண்டும் என்றால் மூன்று, நான்காம் லேன்.

13. நாங்க ஓடலைங்க, நடக்கத்தான் வாரோம். எங்களுக்கும் டிராக் வேணுமா?

நடக்கும்போது இறங்கும் விசை உடல் எடையைப்போல 1.2 மடங்கு அளவுதான். ஆகவே தளத்தின் மென்மை நடப்பவர்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை, சமதளம்தான் முக்கியம். பேவர் பிளாக் பாதையில் ஒரு கல் ஒரு விரற்கடை தூக்கி நின்றாலே வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள். அதைப் பார்த்தால் பூங்கா பராமரிப்பவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் நடக்கப் பயப்பட வேண்டாம். மூட்டுக்கு அது நல்லதே செய்யும். வலி கூடாத தூரம் எது என்று பார்த்து, அதில் நிற்க வேண்டும்.

டிராக்கில் நடப்பதானால் வெளி லேன்களில், எல்லோரும் போகும் திசையிலேயே போங்கள். நான்கு பேர் கைகோத்த மாதிரி வரிசையாக வர வேண்டாம். முதல் இரண்டு லேன்தான் முதலில் தேயும். அதை ஓடுகிற பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள். பின்னாலிருந்து "டிராக்!" என்று சத்தம் வந்தால் திரும்பிப் பார்க்காமல் வெளிப்பக்கம் ஒதுங்குங்கள். பயிற்சியாளர்களுக்கும் ஒரு வார்த்தை: நடக்க வருகிறவர்களை விரட்டாதீர்கள். அவர்கள் வந்து போவதால்தான் பல ஊர் மைதானங்கள் குப்பைமேடாகாமல் இருக்கின்றன.

14. சிந்தெடிக் டிராக் பழசாயிட்டுன்னு எப்பிடிக் கண்டுபிடிக்க?

உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். ரப்பர் குருணை கையோடு வந்தால் மேல்பூச்சு போய்விட்டது. அங்கங்கே உப்பல் இருந்தால் அடியில் ஈரம் மாட்டியிருக்கிறது. முதல் லேனின் வளைவும் தொடக்கக் கோடும் மற்ற இடத்தைவிட வழவழப்பாக, மெலிந்து இருக்கும். டிராக் சராசரி 12 மி.மீ. கனமாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே தேய்ந்தால் 1-ஆம் கேள்வியில் சொன்ன அதிர்வுக் குறைப்பு கிடைக்காது, பார்க்கச் சிவப்பாக இருக்கும் தார் ரோடுதான் அது. எட்டுப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மேல்தளம் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

ஆயுளைக் குறைப்பவை வெயில், விழா மேடை, பந்தல் குத்துக்கால், மேலேயே நிறுத்தும் பைக்கின் ஸ்டாண்டு, சொட்டும் பெட்ரோல். விழாவுக்கு மைதானம் கொடுப்பவர்கள் டிராக்கின் குறுக்கே வண்டி போக மரப்பலகை விரிக்கச் சொன்னாலே பாதி சேதம் குறையும். ஆடி மாதக் காற்றில் நுண்மணல் வந்து படியும். பயிற்சிக்கு முன் பெருக்கிவிடுங்கள், காலை வழுக்கிவிடுவது அதுதான். கிழிந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, நன்றாக உலரவிட்டு, அதே பொருளால் நிரப்ப வேண்டும். தாரோ சிமென்ட்டோ வைத்தால் அந்த ஓரத்தில்தான் அடுத்த சுளுக்கு. நடுப்பகல் வெயிலில் இந்தத் தளம் 50 டிகிரிக்கு மேலும் சுடும். கோடையில் காலை எட்டு மணிக்குள் பயிற்சியை முடித்துவிடுங்கள்.

15. சுளுக்குன்னா வழிச்சுவிட்டாப் போதாதா? எப்பம் டாக்டர்ட்ட போணும்?

முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு வழிக்கவே கூடாது. உள்ளே கிழிந்த இடத்தில் இரத்தக் கசிவு கூடும். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், ஒரு நாளில் நான்கைந்து தடவை, பேண்டேஜ், காலை உயர்த்தி வைத்தல். அடிபட்ட உடனும் பிறகும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பு முனையின் பின்பக்கத்தை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் (பாளையங்கோட்டையில் உள்ள நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) எலும்புப் பிரிவு இருக்கிறது, தயங்காமல் போங்கள்.

எலும்பில் கீறல் விழும் காயம் வேறு. வலி ஒரே புள்ளியில் இருக்கும், ஒற்றைக்காலில் குதித்தால் சுரீர் என்னும், இரவிலும் இருக்கும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். "எக்ஸ்ரேயில் ஒண்ணுமில்ல" என்றதும் மறுபடி ஓட விட்டு, கீறல் முறிவாக மாறுவதுண்டு. வலி இருக்கிறவரை ஓட்டம் கிடையாது.

16. எம் மவனுக்குப் பன்னெண்டு வயசு. ஓடிட்டு வந்தா குதிகால் வலிக்கின்னு நொண்டுதான். டிராக்கு சரியில்லையா?

எட்டு முதல் பதினான்கு வயதுக்குள் குதிகால் எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும். அந்த வளர்ச்சிப் பகுதியைக் கெண்டைக்கால் தசை இழுப்பதால் வரும் வலி இது. எலும்பு வளர்ந்து முடிந்ததும் தானே போய்விடும். கெட்டித் தரையும் மெல்லிய ஷூவும் வலியைக் கூட்டும். சில வாரம் ஓட்டத்தைக் குறைத்து, கெண்டைக்காலை நீட்டி இழுக்கும் பயிற்சி கொடுத்து, குதிகாலுக்கு மெத்தையுள்ள ஷூ வாங்குங்கள். நொண்டிக்கொண்டே ஓடவிட வேண்டாம். காய்ச்சலோ வீக்கமோ சேர்ந்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

17. பொண்ணுக்கு ஒரே வருசத்துல ரெண்டு தடவ எலும்புல கீறல். டிராக்க மாத்துனோம், ஷூவ மாத்துனோம். இன்னும் என்ன?

இனித் தரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டைப் பாருங்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாத உடம்பு எலும்பைக் கட்டுவதை நிறுத்திக்கொள்ளும். மாதவிடாய் மூன்று மாதத்துக்கு மேல் நின்றிருந்தால் அது "கடினப் பயிற்சிக்கு அடையாளம்" அல்ல, ஆபத்து அறிகுறி. மகளிடம் அம்மாவோ ஒரு பெண் ஆசிரியரோ தனியாகக் கேளுங்கள். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பேச்சை அன்றைக்கே நிறுத்துங்கள். இரத்தத்தில் இரும்புச்சத்து, வைட்டமின் டி பரிசோதனை செய்து, டாக்டர் சொன்ன பிறகே மறுபடி ஓட்டம். பையன்களுக்கும் சாப்பாட்டுக் குறைவால் இதே கீறல் வரும்.

18. வலி போயிட்டு. மறுபடி எங்கன இருந்து ஆரம்பிக்க?

முதலில் 30 நிமிடம் வலியில்லாமல் நடக்க வேண்டும், அடிபட்ட காலில் பத்துத் தடவை வலியில்லாமல் குதிக்க வேண்டும். பிறகு சமமான புல்தரையில், குழி இல்லை என்று நடந்து பார்த்துவிட்டு, ஒன்றுவிட்டு ஒருநாள் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, எட்டுச் சுற்று. அடுத்த வாரம் 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. மூன்றாம் வாரம் 20 நிமிடம் தொடர் மெது ஓட்டம், பதமான மண்ணில். ஓடும்போது வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலையில் இல்லாவிட்டால் தொடரலாம். மறுநாளும் இருந்தால் ஒரு வாரம் பின்னால் போங்கள்.

வேக ஓட்டம், தார் ரோடு, தேரி மணல், ஸ்பைக் எல்லாம் கடைசியில், ஒரு வாரத்துக்கு ஒன்றாக. 30 நிமிடத் தொடர் ஓட்டம் இரண்டு வாரம் வலியில்லாமல் போன பிறகு 3-ஆம் கேள்வியில் சொன்ன 60 மீட்டர் நான்கு தடவையில் தொடங்குங்கள். அந்தச் சமயத்தில் போட்டி அறிவிப்பு வந்தாலும் வாரத்தைச் சுருக்காதீர்கள். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுங்கள்.